லாரி மோதிக் காயம்பட்டால்: காரணம் தேடுவது முதல் இழப்பீடு வாங்குவது வரை

கார் மோதிய வழக்கில் பெரும்பாலும் இரண்டு பேரைப் பார்த்தால் போதும்: ஓட்டியவர், அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி. சரக்கு லாரி மோதினால் கணக்கே வேறு. அந்த வண்டி சாலைக்கு வருவதற்கு முன்பே பல பேர் பல முடிவுகளை எடுத்திருப்பார்கள். எத்தனை மணிக்குள் சரக்கு போய்ச் சேரவேண்டும் என்று ஒருவர் சொல்லியிருப்பார். எவ்வளவு ஏற்றலாம் என்று இன்னொருவர். இந்த பிரேக் லைனிங் இன்னும் ஒரு டிரிப் தாங்கும் என்று வேறொருவர். மோதிய நொடியில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறார்.

காயம்பட்டவரின் குடும்பம் டிரைவரோடு நின்றுவிட்டால், சேரவேண்டிய இழப்பீட்டில் பெரும்பகுதி சேராமலே போய்விடும். டிரைவரிடம் பணம் இருக்காது. முடிவெடுத்தவர்களிடம் இருக்கும், அவர்களுடைய இன்சூரன்ஸில் இருக்கும். அந்த முடிவுகளுக்கான ஆதாரமும் அவர்கள் கையில்தான் இருக்கிறது, அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். அதனால் இந்த வழிகாட்டியை விபத்துக்கான காரணங்களில் தொடங்குகிறேன். காரணம் தெரிந்தால்தான் யாரைக் கேட்பது, எந்தக் காகிதத்தைக் கேட்பது என்று தெரியும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எந்த நாட்டு விதி என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எடையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐந்து அச்சு டிரெய்லர் லாரிக்கு வழக்கமான எடை வரம்பு 40 டன். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன். இந்தியாவில் பெரிய டிரெய்லர்களுக்கு 55 டன் வரை போகலாம். ஒரு சாதாரண கார் ஒன்றரை டன் இருக்கும். வேகம் ஒன்றாக இருந்தாலும், 40 டன் லாரி சுமக்கும் இயக்க ஆற்றல் காரைப்போல் 26 மடங்குக்கும் மேல். நிறுத்தும்போது அவ்வளவு ஆற்றலையும் பிரேக்தான் வெப்பமாக மாற்றித் தள்ளவேண்டும்.

தூரக் கணக்கும் உண்டு. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். டிரைவர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 33 மீட்டர் போயிருக்கும். ஏர் பிரேக்கில் காற்று குழாய் வழியாகப் போய்ச் சேர இன்னும் சிறிது நேரம் பிடிக்கும். ‘முன்னால் போன வண்டி திடீரென்று நின்றுவிட்டது’ என்று லாரித் தரப்பு சொன்னால், இவ்வளவு எடை ஓட்டுகிறவர் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கவேண்டும் என்று திருப்பிக் கேட்க இந்தக் கணக்கு உதவும்.

விபத்து எதனால் நடக்கிறது

அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரை நடந்த பெரிய லாரி விபத்துகளை அந்த நாட்டு அரசு விரிவாக ஆராய்ந்தது. லாரித் தரப்பே முக்கியக் காரணம் என்று முடிவான விபத்துகளில் 87 சதவீதம் டிரைவர் சம்பந்தப்பட்டவை, 10 சதவீதம் வண்டிக் கோளாறு. இந்த எண்ணை மட்டும் பார்த்து எல்லாம் டிரைவர் தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே ஆய்வில் சுமார் 29 சதவீத லாரிகளில் பிரேக் கோளாறு இருந்தது. கடைசி நொடியில் டிரைவர் தவறினார் என்பது உண்மையாக இருக்கலாம். அவரை அந்த நொடிக்குக் கொண்டுவந்து நிறுத்தியது எது என்பதைத்தான் நாம் தேடவேண்டும்.

தூக்கம். என் பார்வையில் இதுதான் மிக அதிகமாக மறைக்கப்படும் காரணம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு மங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மதுவுக்கு ஊதிப் பார்க்கும் கருவி உண்டு. தூக்கத்துக்கு அப்படி எதுவும் கிடையாது, ஓட்டிய மணிக்கணக்குதான் சாட்சி. அமெரிக்காவில் சரக்கு லாரி டிரைவர் 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம், அதுவும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாளுக்கு 9 மணி நேரம் (வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10), நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது; 2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது.

அதிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில், பிரேக் பிடித்த தடமே இல்லாமல் நேராகப் போய் மோதியிருந்தால் தூக்கத்தைச் சந்தேகியுங்கள். உடனே கம்பெனியின் அட்டவணையைப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தை ஒரே டிரைவர் சட்டப்படி ஓய்வெடுத்து ஓட்டினால் போய்ச் சேரவே முடியாத நேரத்தைக் கம்பெனி குறித்திருந்தால், தவறு அந்த அலுவலகத்திலேயே தொடங்கிவிட்டது.

பிரேக். நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி விரிந்து, லைனிங்கை விட்டு விலகும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில், எஞ்சின் பிரேக் துணையோடு இறங்குவதுதான் முறை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டினால் அந்தத் துணை போய்விடுகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) சரியாக இல்லையென்றால், சில சக்கரங்கள் பிடிக்கும், சில பிடிக்காது. டிரெய்லர் பக்கவாட்டில் திரும்பி முன்பகுதியோடு மடங்கிக்கொள்ளும்.

‘பிரேக் ஃபெயிலியர், யார் என்ன செய்ய முடியும்?’ என்ற பதிலைக் கேட்டதும் பல குடும்பங்கள் சோர்ந்துவிடுகின்றன. தேவையில்லை. ஹெண்டர்சன் எதிர் ஜென்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் வழக்கில் (1970) இதே பதில் வந்தது. பிரேக் எண்ணெய்க் குழாயின் மறைந்திருந்த பகுதி அரித்துப்போய், லாரி இறக்கத்தில் உருண்டு ஒருவரைக் கொன்றது. குழாயைக் கழற்றாமல் அந்த இடத்தைப் பார்க்க முடியாது, நாங்கள் வழக்கப்படி சோதித்தோம் என்றது உரிமையாளர் தரப்பு. அந்த லாரி முன்பு என்ன சரக்கு சுமந்தது, குழாயை அரிக்கும்படி எதுவும் பட்டதா என்ற வரலாற்றை நீங்கள்தான் காட்டவேண்டும், காட்டவில்லை என்று மேல்முறையீட்டில் பிரபுக்கள் அவை (அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்) அவர்களையே பொறுப்பாக்கியது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1977இல் இதே திசையில் சொன்னது: இயந்திரக் கோளாறு என்று தப்பிக்க நினைக்கும் உரிமையாளர், அந்தக் கோளாறு போதிய கவனத்தோடு சோதித்தாலும் தெரிந்திருக்காத ஒன்று என்பதை நிரூபிக்கவேண்டும். ஆக, ‘பிரேக் ஃபெயில்’ என்று அவர்கள் சொன்னால், பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்கும் உரிமை உங்களுக்கு வலுக்கிறது.

லோடு. ஓவர்லோடு பிரேக்கையும் டயரையும் மட்டும் கெடுப்பதில்லை. சரக்கு உயரமாக ஏறினால் வண்டியின் ஈர்ப்பு மையமும் உயரும், அப்புறம் ஒரு சாதாரண வளைவே கவிழ்க்கப் போதும். சரியாகக் கட்டாத குழாயும் கம்பியும் பிரேக் போட்ட நொடியில் முன்னால் பாயும். டேங்கரில் இன்னொரு விஷயம்: பாதி நிரம்பிய டேங்கர், முழுக்க நிரம்பியதைவிட நிலையற்றது. உள்ளே திரவம் அலையடித்து, திரும்பும்போது வண்டியை இழுக்கும். இங்கே தவறு பல சமயம் லோடு ஏற்றிய கிடங்கின் மேல் இருக்கும்.

நின்றிருந்த லாரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாகவேண்டும். இரவில், சாலை ஓரத்தில் பாதியும் தார்மேல் பாதியுமாக, பின் விளக்கு எரியாமல் நின்ற லாரியில் பைக்கோ காரோ போய் மோதுகிறது. ‘நீதானே பின்னால் வந்து இடித்தாய்’ என்ற ஒரே வாக்கியத்தில் குடும்பத்தின் வாயை அடைத்துவிடுகிறார்கள். அதை ஏற்கவேண்டாம். பழுதாகி நிற்கும் லாரி எச்சரிக்கை வைக்கவேண்டும் என்பது எங்கும் உள்ள கடமை. அமெரிக்க விதிப்படி 10 நிமிடத்துக்குள் எச்சரிக்கை முக்கோணங்களை வைத்தாகவேண்டும். நடுவில் தடுப்புள்ள சாலையில் வண்டி வரும் திசையில் 10, 100, 200 அடி தூரங்களில். லாரியின் பின்புறம் ஒளி பிரதிபலிக்கும் பட்டை இருந்ததா, கார் அடியில் புகுந்துவிடாமல் தடுக்கும் கம்பித் தடுப்பு இருந்ததா, எவ்வளவு நேரமாக வண்டி அங்கே நின்றது என்ற மூன்று கேள்விகளும் வழக்கையே மாற்றக்கூடியவை. காரின் கூரை லாரியின் அடித்தளத்தில் சிக்கி நசுங்கியிருந்தால், அந்தத் தடுப்பு இல்லை, அல்லது தாங்கவில்லை.

பார்வைக்கு எட்டாத பக்கம். பெரிய லாரிக்கு முன்னால் சுமார் 6 மீட்டரும் பின்னால் சுமார் 9 மீட்டரும் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது என்று அமெரிக்கப் பாதுகாப்பு வழிகாட்டிகள் எச்சரிக்கின்றன. பக்கவாட்டிலும் பெரிய பரப்பு மறைந்துவிடும். நீளமான டிரெய்லர் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் பாதையில் வராமல் உள்பக்கமாக வெட்டி வரும். சைக்கிளில் வருபவர்களும் நடப்பவர்களும் அங்கேதான் சிக்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய லாரிகளிலும் இந்தப் பகுதியைக் கண்காணிக்கும் எச்சரிக்கைக் கருவி கட்டாயம். ‘தெரியவில்லை’ என்பது டிரைவருக்கு முழு விடுதலை ஆகாது. தெரியாத இடம் இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

டயர் வெடிப்பு, செல்போன், போதை, மழையில் வேகம் குறைக்காதது ஆகியவையும் உண்டு. டயர் வெடித்திருந்தால் துண்டுகளைத் தூக்கிப்போட விடாதீர்கள். தேய்ந்த டயரா, சரியாக ஒட்டாத ரீட்ரெட் டயரா, தயாரிப்புக் குறையா என்பதை அந்தத் துண்டுகள்தான் சொல்லும்.

பொறுப்பாளிகளைப் பட்டியல் போடுங்கள்

ஒரு காகிதம் எடுத்து, மேலே சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே ‘இதை முடிவு செய்தது யார்?’ என்று எழுதுங்கள். அதுதான் உங்கள் எதிர்த்தரப்புப் பட்டியல்.

டிரைவர் முதலில் வருவார். அடுத்து அவருடைய முதலாளி. வேலைநேரத்தில் வேலைக்காக ஓட்டிய ஊழியரின் கவனக்குறைவுக்கு முதலாளி பொறுப்பு என்பது ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டத்திலும் உள்ள கொள்கை. முதலாளி தனியாக ஒரு தவறும் செய்திருக்கவேண்டியதில்லை. ஆனால் அவர் தவறும் செய்திருந்தால் (உரிமம் சரிபார்க்காமல் சேர்த்தது, பழைய விபத்துகள் தெரிந்தும் வைத்திருந்தது, ஓய்வு கொடுக்காமல் ஓட்டச் சொன்னது) அது தனிக் குற்றச்சாட்டு. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இங்கே கம்பெனி சொல்லும் வழக்கமான பதில்: ‘அவர் எங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர்.’ காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், வழியையும் நேரத்தையும் கூலியையும் யார் கட்டுப்படுத்தினார்கள் என்று நீதிமன்றங்கள் பார்க்கும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு விதிகளில், சரக்கு வண்டி ஓட்டும் ஒப்பந்தக்காரரும் ஊழியர் என்ற விளக்கத்துக்குள் வந்துவிடுகிறார். இந்தியாவில் வேறொரு சிக்கல் வரும். வண்டியை விற்றுவிட்டேன், பெயர் மட்டும் மாற்றவில்லை என்பார்கள். பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்கு உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன்குமார் வழக்கில் உறுதிப்படுத்தியது.

பிறகு லோடு ஏற்றியவர், சரக்கு அனுப்பியவர், பிரேக் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப், குறைபாடுள்ள பாகம் செய்த உற்பத்தியாளர், சில சமயம் பள்ளத்தையோ எச்சரிக்கைப் பலகையையோ கவனிக்காத சாலை நிர்வாகம். எல்லார் மேலும் வழக்குப் போடவேண்டும் என்று சொல்லவில்லை. தொடக்கத்தில் யாரையும் விட்டுவிடாதீர்கள், ஆதாரம் வரவர நீக்கிக்கொள்ளலாம். கெடு முடிந்த பிறகு ஒரு புதுப் பெயரைச் சேர்ப்பது மிகக் கடினம்.

முதல் சில மணி நேரம்

உயிரும் உடம்பும் முதலில். நடக்க முடிகிறது என்பதற்காக மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். தலைக்குள் ரத்தக்கசிவும் வயிற்றுக்குள் காயமும் சில மணி நேரம் கழித்து வெளியே தெரியலாம். அன்றே பதிவாகாத காயத்தை, விபத்தால் வந்ததல்ல என்று பிறகு வாதாடுவார்கள். மருத்துவரிடம் வலி இருக்கும் எல்லா இடத்தையும் சொல்லுங்கள், சிறியது என்று எதையும் விடாதீர்கள்.

சம்பவ இடத்தில் உறவினரோ நண்பரோ இருந்தால், வண்டிகளை நகர்த்துவதற்கு முன் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். லாரி எண், டிரெய்லர் எண் (இரண்டும் வேறாக இருக்கும், உரிமையாளர்களும் வேறாக இருக்கலாம்), கதவில் எழுதிய கம்பெனிப் பெயர், பிரேக் தடம் இருந்தால் அதன் நீளம், இல்லையென்றால் வெறும் சாலை, டயர், பின் விளக்குகள், சிதறிய சரக்கு, சரக்கைக் கட்டிய கயிறு அல்லது சங்கிலி, எல்லாமே வேண்டும். அருகில் பெட்ரோல் பங்க், கடை, சுங்கச்சாவடி இருந்தால் அங்கே கேமரா இருக்கிறதா என்று அன்றே கேளுங்கள். கேமராப் பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்து, புதிய பதிவு அதன்மேல் ஏறிவிடும்.

காவல்துறைப் புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பவேண்டும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள் தரவேண்டும். அது போய்ச் சேர்ந்ததா என்று விசாரியுங்கள். கேட்பவர்கள் இருந்தால் வேலை நடக்கும்.

டிரைவர் மேல் போடும் குற்ற வழக்கும் உங்கள் இழப்பீட்டு வழக்கும் வேறுவேறு. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவேண்டும், இழப்பீட்டில் ‘இப்படி நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம்’ என்பது போதும். டிரைவர் விடுதலை ஆனதாலேயே உங்கள் வழக்கு தோற்றுவிடாது.

ஆதாரத்தைக் காப்பாற்ற ஒரு கடிதம்

முழு வழிகாட்டியிலும் இந்தப் படிக்குத்தான் நான் அதிக முக்கியத்துவம் தருவேன். லாரி விபத்தின் உண்மை பெரும்பாலும் எதிர்த்தரப்பின் அலமாரியிலும் கணினியிலும் இருக்கிறது. அதை அழிக்க அவர்கள் சதி செய்யவேண்டியதில்லை. சும்மா இருந்தாலே அழிந்துவிடும்.

புதிய லாரிகளின் எஞ்சின் கணினி, மோதலுக்கு முந்தைய நொடிகளின் வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர் நிலையைப் பதிவு செய்து வைத்திருக்கலாம். வண்டியைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினால் அதன்மேல் வேறு பதிவு ஏறக்கூடும். அமெரிக்காவில் ஓட்டும் நேரப் பதிவுகளைக் கம்பெனி 6 மாதம் வைத்திருந்தால் போதும், டிரைவர் எழுதும் வண்டிக் குறை அறிக்கையை 3 மாதம். ஐரோப்பாவில் டாக்கோகிராஃப் (ஓட்டிய நேரத்தையும் வேகத்தையும் பதியும் கருவி) பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கவேண்டும். இந்தக் காலம் முடிந்ததும் குப்பையில் போடுவது அவர்களுக்குச் சட்டப்படி சரி. அதனால் முதல் வாரத்திலேயே வழக்கறிஞர் மூலமாக எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். அதற்குப் பிறகும் அழித்தால், பல நாட்டு நீதிமன்றங்கள் ‘அந்த ஆதாரம் கம்பெனிக்கு எதிராக இருந்திருக்கும்’ என்று முடிவுக்கு வர முடியும்.

கடிதத்தில் பொத்தாம்பொதுவாக ‘எல்லா ஆவணமும்’ என்று எழுதாதீர்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: லாரியும் டிரெய்லரும் அதே நிலையில், எஞ்சின் கணினிப் பதிவு, ஜிபிஎஸ் பாதை, டேஷ் கேமரா காட்சி, விபத்து நாளுக்கும் அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும் ஓட்டிய நேரப் பதிவு, டீசல், சுங்க, எடைமேடை ரசீதுகள், சரக்குச் சீட்டும் புக்கிங் தகவலும், டிரைவரும் அலுவலகமும் பேசிய அழைப்புகள், செய்திகள், ஓராண்டுப் பராமரிப்புப் பதிவு, டிரைவரின் உரிமம், பயிற்சி, பழைய விபத்து விவரம், விபத்துக்குப் பின் நடந்த போதைச் சோதனை முடிவு.

சுங்க ரசீதும் டீசல் ரசீதும் ஏன் என்று கேட்கலாம். ஓட்டிய நேரத்தைக் கையால் எழுதும் இடங்களில் பொய் எழுதுவது சுலபம். இரவு 11 மணிக்குத் தூங்கினேன் என்று எழுதியவர், 12:40க்கு 100 கிலோமீட்டர் தள்ளி ஒரு சுங்கச்சாவடியைக் கடந்திருந்தால் அந்த ஒரு ரசீது போதும். போதைச் சோதனையிலும் நேரம் முக்கியம்: அமெரிக்க விதிப்படி மதுச் சோதனையை 8 மணி நேரத்துக்குள்ளும் போதைப்பொருள் சோதனையை 32 மணி நேரத்துக்குள்ளும் செய்யவேண்டும். செய்யவில்லையென்றால் ஏன் என்று கம்பெனி எழுதி வைக்கவேண்டும், அந்த விளக்கத்தையும் கேளுங்கள்.

இன்சூரன்ஸிலிருந்து போன் வந்தால்

சீக்கிரமே வரும், அன்பாகவும் பேசுவார்கள். பேசுபவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருடைய வேலை கம்பெனியின் செலவைக் குறைப்பது. பதிவு செய்யும் வாக்குமூலம் கேட்டால், ‘வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு மரியாதைக்காகச் சொல்லும் ‘நல்லா இருக்கேன்’ கூட எழுத்தில் ஏறும். உங்கள் சொந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் விபத்தைப் பற்றி உடனே தெரிவித்துவிடுங்கள், அது உங்கள் ஒப்பந்தக் கடமை.

லாரியின் பாலிசி எவ்வளவு என்றும் கேட்டு வையுங்கள். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் கூலிக்குச் சாதாரணச் சரக்கு ஏற்றும் பெரிய லாரிக்குக் குறைந்தபட்சம் 7,50,000 டாலர் காப்பீடு வேண்டும்; இந்தத் தொகை 1980களிலிருந்து ஏறவேயில்லை. பல பேர் காயம்பட்ட விபத்தில் இது சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்போது லோடு ஏற்றியவர், பாகம் செய்தவர் போன்ற மற்றவர்களின் பாலிசி தேவைப்படும். இந்தியாவில் மூன்றாம் நபரின் மரணத்துக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயத்தில் காப்பீட்டாளரின் பொறுப்புக்கு இப்படி உச்சவரம்பு வைக்கும் வழக்கம் இல்லை. டிரைவரிடம் சரியான உரிமம் இல்லாத நிலையிலும், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். சுவரன் சிங் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது.

‘உங்கள் மேலும் தவறு உண்டு’ என்றால்

நிச்சயம் சொல்வார்கள். பயப்படாதீர்கள், ஆனால் உங்கள் நாட்டு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் உங்கள் தவறின் பங்கு அளவுக்கு இழப்பீடு குறையும். சீட் பெல்ட் போடாதவருக்கு எவ்வளவு குறைப்பது என்று பிரிட்டனில் ஃப்ரூம் எதிர் புட்சர் வழக்கு (1976) அளவு காட்டியது: பெல்ட் போட்டிருந்தால் காயமே வந்திருக்காது என்றால் 25 சதவீதம், காயம் குறைந்திருக்கும் என்றால் 15 சதவீதம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் உங்கள் தவறு எவ்வளவு இருந்தாலும் மீதிப் பங்கு கிடைக்கும். டெக்சாசில் உங்கள் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஒன்றும் கிடைக்காது. மேரிலாந்து, விர்ஜினியா, வட கரோலினா, அலபாமாவில் பொதுவாகச் சிறு தவறே முழு இழப்பீட்டையும் தடுத்துவிடலாம்.

காரை ஓட்டியவரின் தவறுக்காக, அதில் வெறும் பயணியாக இருந்தவரின் இழப்பீடு குறையாது. ஓட்டியவரின் தவறு பயணியின் தவறாகாது. லாரி மேலும் கார் மேலும் தவறு இருந்தால், பயணி முழுத் தொகையையும் இருவரில் ஒருவரிடமே கேட்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் கென்யேய் வழக்கில் தெளிவாக்கியது. இது தெரியாமல் பாதித் தொகையோடு திரும்புகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

எவ்வளவு கேட்பது

மருத்துவச் செலவு, இனி ஆகப்போகும் செலவு, இழந்த சம்பளம், இனி இழக்கப்போகும் சம்பாத்தியம், கூடவிருந்து பார்த்துக்கொள்பவரின் செலவு, வலி, வாழ்க்கையில் இழந்தவை என்று ஒவ்வொன்றும் தனித் தலைப்பு. இதில் அதிகம் தவறவிடப்படுவது சம்பாதிக்கும் திறன் இழப்பு. மருத்துவர் தரும் ஊன சதவீதமும் தொழில் இழப்பு சதவீதமும் ஒன்றல்ல. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2011) இந்திய உச்ச நீதிமன்றம் சொன்ன உதாரணம்: இடது கை துண்டிக்கப்பட்டால் உடல் ஊனம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டிரைவருக்கோ தச்சருக்கோ அது கிட்டத்தட்ட 100 சதவீதத் தொழில் இழப்பு. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவருக்கு வேலையே போகாமலும் இருக்கலாம்.

இந்திய முறையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 32, சொந்தத் தொழில், மாத வருமானம் 20,000 ரூபாய், தொழில் இழப்பு 40 சதவீதம். ஆண்டு வருமானம் 2,40,000. பிரணய் சேத்தி வழக்கின் (2017) அளவுப்படி 40 வயதுக்குக் கீழே சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 3,36,000. அதில் 40 சதவீதம் 1,34,400. சரளா வர்மா வழக்கின் (2009) அட்டவணையில் 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கெண் 16. ஆக 21,50,400 ரூபாய். இது ஒரு தலைப்பு மட்டும்தான், மருத்துவமும் வலியும் மற்றவையும் இதற்கு மேல். கணக்குக்கு அடிப்படை வருமானம் என்பதால் வங்கிக் கணக்கு, வரி, பில் புத்தகம் எதுவானாலும் திரட்டி வையுங்கள்.

கெடு

இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போடவேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. நீங்கள் 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். யார் தவறு என்றே நிரூபிக்காமல் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் பெற 164ஆம் பிரிவு வழி தருகிறது. காயம் பெரிதாக இருந்து தவறையும் நிரூபிக்க முடியும் என்றால் அந்தத் தொகை போதாது, 166தான் சரியான வழி. மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 கிடைக்கும்.

பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் காயத்துக்கான வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் 2 ஆண்டு, இலங்கையிலும் 2 ஆண்டு. அரசு வாகனமோ சாலைத் துறையோ சம்பந்தப்பட்டால் பல இடங்களில் அதைவிடக் குறுகிய முன்னறிவிப்புக் காலம் உண்டு. முதல் சந்திப்பிலேயே வழக்கறிஞரிடம் கேட்கவேண்டிய கேள்வி இது.

வழக்கறிஞரும் கடைசிக் கையெழுத்தும்

சாதாரண விபத்து வழக்கு பார்த்தவரைவிட, லாரியின் ஓட்டும் நேரப் பதிவையும் எஞ்சின் கணினியையும் கேட்டு வாங்கிய அனுபவம் உள்ளவரைத் தேடுங்கள். ‘முதல் வாரத்தில் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். ஆதாரம் காக்கும் கடிதத்தைப் பற்றி அவராகவே சொன்னால் நல்லது. கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்காவில் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்பது பரவலான ஏற்பாடு. இந்தியாவில் வழக்கின் வெற்றியில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. விபத்து நடந்த மறுநாளே மருத்துவமனைக்கு வந்து ‘பாதி உங்களுக்கு, பாதி எனக்கு’ என்று பேசும் புரோக்கரிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சமரசம் பேசலாம், பெரும்பாலான வழக்குகள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் இனிமேல் பெரிய முன்னேற்றம் இருக்காது என்று மருத்துவர் சொல்லும் நிலை வரும் வரை இறுதித் தொகைக்கு ஒத்துக்கொள்ளவேண்டாம். சமரசப் பத்திரத்தில் கையெழுத்திட்டபின் இன்னொரு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், மறுபடி கேட்க முடியாது. அதுவரை செலவுக்குக் கையில் இல்லையென்றால் இடைக்காலத் தொகை கேட்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பத்திரத்தில் யார் யாரை விடுவிக்கிறீர்கள் என்ற வரியை இரண்டு முறை படியுங்கள். டிரைவரோடும் உரிமையாளரோடும் சமரசம் செய்யும்போது, ‘மற்ற எல்லாரையும்’ என்ற ஒரு சொல் உள்ளே இருந்தால் டயர் கம்பெனியும் லோடு ஏற்றிய கிடங்கும் சேர்ந்தே விடுபட்டுவிடும். காயம்பட்டவர் குழந்தை என்றால் பல நாடுகளில் நீதிமன்ற ஒப்புதல் வேண்டும், பணம் வைப்பாகப் போகும். உங்கள் மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே மருத்துவமனைக்குக் கட்டியிருந்தால், அந்தத் தொகையை உங்கள் இழப்பீட்டிலிருந்து திருப்பிக் கேட்கும் உரிமை அதற்கு இருக்கிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.